வெளியே என்று ஓரிடம்

சித்தப்பாவின் ரத்த அறிக்கையில் பிஎச் என்ற வரிக்கு எதிரே நட்சத்திரக் குறி இல்லை. 7.35 என்று அச்சாகியிருந்தது. இருக்க வேண்டிய அளவு 7.35 முதல் 7.45 வரை என்று பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். வேலியை ஒட்டி நின்றாலும் வேலிக்கு உள்ளேதான் நின்றது. அதற்குக் கீழே இரண்டு வரிகளில் நட்சத்திரம் இருந்தது. பைகார்பனேட் 16, 24 வாக்கில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 30. இருக்க வேண்டியது 40. அறிக்கையைக் கொண்டுவந்த பையன் முதல் வரியில் விரலை வைத்து, "இது நார்மல்தான் சார்" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். மணிக்கட்டில் தமனியைத் தேடி மூன்று முறை குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சித்தப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஓடி வந்தவனுடைய இரைப்பு மாதிரி இல்லை அது. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி, ஆழமாக, ஒரே தாளத்தில், யாரோ பக்கத்தில் நின்று எண்ணிக்கொடுப்பது போல. அந்த மூச்சையும் அந்த எண்ணையும் சேர்த்துவைத்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. வருஷம் இரண்டாகிறது. அந்த 'நார்மல்' மட்டும் மீன்முள் மாதிரி எங்கேயோ குத்திக்கொண்டே இருக்கிறது.

அப்படி மூச்சு விட்டதால்தான் எண் 7.35-ல் நின்றது என்பது மெள்ளத்தான் விளங்கியது. சிறுநீரகம் கைவிட்ட வேலையை நுரையீரல் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறது. ரத்தத்தில் தேங்கிய அமிலத்தை பைகார்பனேட் வாரிப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கித் தர, நெஞ்சு அதை ஊதி ஊதி வெளியே தள்ளியிருக்கிறது. மேல் வரியைக் காப்பாற்றக் கீழ் வரிகள் இரண்டும் செலவாகியிருக்கின்றன. கல்யாண வீட்டில் பந்தியைப் பார்த்தவர்களுக்கு பீரோவுக்குள் கிடக்கும் அடகுச் சீட்டு தெரியாது. இந்த மூச்சை 1874-ல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் சர்க்கரை நோயாளிகளிடம் கண்டு எழுதிவைத்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. ரத்தத்தின் அமிலத்தை அளக்க வழியில்லாத காலம் அது. அவரிடம் கண்ணும் காதும்தான் இருந்தன. எங்களிடம் அறிக்கை இருந்தது. நாங்கள் அறிக்கையைப் பார்த்தோம்.

பிஎச் என்ற அளவுகோலே பீர் காய்ச்சிய வீட்டில் பிறந்தது. 1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த ஸோரன்ஸன் ஹைட்ரஜன் அயனிகளை எண்ணச் சலித்துப்போய்ச் சுருக்கெழுத்தாகக் கண்டுபிடித்த வழி. சுருக்கெழுத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அளவின் பயங்கரத்தை மறைத்துவிடும். 7.4 என்றால் ஒரு லிட்டர் ரத்தத்தில் ஹைட்ரஜன் அயனிகள் 40 நானோமோல். அதே ரத்தத்தில் ஒரு ஹைட்ரஜன் அயனிக்கு ஏறத்தாழ 35 லட்சம் சோடியம் அயனிகள் இருக்கின்றன. பழனித் தைப்பூசக் கூட்டம் முழுவதையும் ஓரிடத்தில் நிறுத்தி, அதில் ஒரே ஒருவரின் வரவையும் போக்கையும் உடம்பு நொடிக்கு நொடி கவனித்துக்கொண்டிருக்கிறது. அந்த 40 நானோமோல் 160 ஆனால் பிஎச் 6.8. 16 ஆகக் குறைந்தால் 7.8. இந்த இரண்டு எல்லைகளையும் தாண்டிப் பிழைத்தவர்கள் அபூர்வம். ஏன் இவ்வளவு கறார் என்றால், புரதங்கள் தங்கள் உருவத்தை இந்த அயனியை வைத்துத்தான் மடித்து வைத்திருக்கின்றன. மடிப்புக் கலைந்தால் நொதிகள் வேலை செய்யாது, இதயத் தசை சுருங்கத் தயங்கும்.

நாக்குக்கு இதில் பாதிதான் தெரியும். புளிப்பு என்று அமிலத்துக்கு ஒரு சுவையைக் கொடுத்து வைத்திருக்கிறோம். எதிர்ப்பக்கத்துக்குத் தமிழில் காரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் காரத்துக்கு உதாரணம் கேட்ட வாத்தியாரிடம் மிளகாய் என்று சொல்லி அடி வாங்கியவர்களில் நானும் ஒருவன். இந்தக் காரத்தின் ருசி எது என்று கேட்டால் வெற்றிலை போடுகிறவர்களுக்குத்தான் தெரியும். வத்தலக்குண்டுக் கொடிக்கால் வெற்றிலையை மடித்துப் போடும் எங்கள் அப்பத்தா, சுண்ணாம்பு ஒரு நூல் கூடிவிட்டால் "வாய் வெந்துபோச்சு" என்பாள். ருசி என்று சொல்ல மாட்டாள். காயம் என்றுதான் சொல்வாள். பாடப்புத்தகத் தமிழில் எனக்குப் பிடித்த சொல் ஒன்றும் இந்தப் பாடத்தில்தான் இருந்தது: தாங்கல் கரைசல். அமிலம் வந்தாலும் காரம் வந்தாலும் சட்டென்று மாறாமல் தாங்கிக்கொள்ளும் கரைசல். வடக்கே தாங்கல் என்றால் சின்ன ஏரி. மனத்தாங்கல் என்றால் வெளியே சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்ட வருத்தம். மொழிபெயர்த்தவர் இதையெல்லாம் நினைத்துத்தான் வைத்தாரா தெரியாது, ஆனால் மூன்று அர்த்தமும் ரத்தத்துக்குப் பொருந்துகிறது.

தாங்குவதற்கும் ஒரு அளவு உண்டு. ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்தாக வேண்டும். உடம்புக்குக் கலிங்கு இரண்டு. முதலாவது மூச்சு. ஒரு நாளைக்கு நாம் உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 15,000 மில்லிமோல். வாயுக் கணக்கில் முந்நூறு லிட்டருக்கு மேல். தண்ணீரில் கரைந்தால் அதுவே கார்பானிக் அமிலம், கோலி சோடாவில் நாக்கைச் சுரீரென்று கடிப்பது. சாப்பிட்டுவிட்டு சோடா உடைத்துக் குடிக்கிறவனே ஒரு சோடா பாட்டில்தான். கோலி சற்றே இறங்கி, வாயு ஓயாமல் கசிந்துகொண்டிருப்பதால் உயிரோடு இருக்கிறான். இரண்டாவது கலிங்கு சிறுநீரகம். அதன் கணக்கு சிறியது. புரதத்திலிருந்து வரும் அமிலம், வாயுவாகப் பறக்காதது, நாளுக்கு அறுபது எழுபது மில்லிமோல். ஆனால் அந்தச் சிறிய கணக்கைத் தீர்க்க அது செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். தினமும் 180 லிட்டர் ரத்தநீரை வடித்து, அதில் போய்விடக்கூடிய பைகார்பனேட்டை ஏறத்தாழ முழுவதுமாக மீட்டு உள்ளே அனுப்புகிறது. ஆப்பசோடாவாக நிறுத்தால் முந்நூற்றறுபது கிராம். மளிகைக் கடையில் வாங்கினால் நாலு பாக்கெட் வரும். அதோடு நிற்காமல் அம்மோனியாவைத் தானே செய்து, அதன் முதுகில் அமிலத்தை ஏற்றிச் சிறுநீரில் அனுப்பிவைக்கிறது. மூச்சு நிமிஷக் கணக்கில் சரிசெய்யும். சிறுநீரகம் முழு வேகம் எடுக்க மூன்று நான்கு நாளாகும். ஒன்று நொறுங்கும்போது மற்றொன்று முட்டுக் கொடுக்கும். அந்த முட்டைப் பார்த்துத்தான் பையன் நார்மல் என்றான்.

பையனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவனைவிடப் பெரியவர்கள் இதே எண்களை இதைவிட மோசமாகப் படித்திருக்கிறார்கள். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிளெக்டாம் மருத்துவமனையில் இரும்பு நுரையீரல் போன்ற கருவிகளில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் ரத்தத்தில் பைகார்பனேட் ஏறிக் கிடந்தது. காரம் கூடிவிட்டது, இது ஏதோ புரியாத நோய் என்று மருத்துவர்கள் குழம்பினார்கள். பியோர்ன் இப்ஸன் என்ற மயக்க மருத்துவர்தான் அதைத் திருப்பிப் படித்தார். நோயாளிகள் மூச்சு விட வலுவில்லாமல் கார்பன் டை ஆக்சைடில் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள், ஏறிய பைகார்பனேட் உடம்பு கொடுத்த முட்டு என்றார். ஆகஸ்டில் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காட்டினார். பிறகு அந்த நகரத்து மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்து இரவும் பகலுமாகப் பை அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்துதான் தொடங்கியது. எனக்கு இதில் நின்றுபோகிற இடம் வேறு. அதே எண்கள். படித்த திசைதான் மாறியது.

சித்தப்பா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை, பதனிடும் நிலையம் என்றெல்லாம் அரசாங்கத் தாளில்தான் எழுதுவார்கள். ஊரில் அது தோல் ஷாப்புதான். டி. செல்வராஜ் இந்தத் தொழிலாளர்களை வைத்து எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது, வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையை மோந்து பார்த்துவிட்டு, "வாசம் வரலியே" என்றார். பதினைந்து வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர். ரோமம் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பிலும் சல்ஃபைடிலும் ஊறவைப்பார்கள். பிஎச் பன்னிரண்டுக்கு மேல். நாற்பது வருஷம் கழித்தும் ரேஷன் கடைக் கருவியில் அவருக்குக் கைரேகை விழாது. விரல் நுனி வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி இருக்கும். பிற்பாடு டிரம் வேலைக்கு மாறினார். அங்கேதான் அவர் ஒரு வகையில் என் முதல் வேதியியல் ஆசிரியர். சுண்ணாம்பு எடுத்துவிட்டதா என்று பார்க்க, தோலின் தடித்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, வெட்டு முகத்தில் பினாப்தலின் ஒரு சொட்டு விடுவார்கள். ஓரத்தில் நிறமே இருக்காது. நடுவில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, மயிரிழை அளவுக்கு. "மேல பார்த்தா வேலை முடிஞ்ச மாதிரித்தான்டா இருக்கும். உள்ள பாரு, இன்னும் சுண்ணாம்பு இருக்கு" என்பார். அந்தக் கோடும் மறைந்த பிறகுதான் உப்பும் கந்தக அமிலமும் போட்டு டிரம்மைச் சுற்றவிட்டு பிஎச்சை மூன்றுக்குக் கீழே இறக்குவார்கள். அதன் பிறகு குரோம். குரோம் தோலுக்குள் இறங்கியதும் சோடா. சமையல் சோடாவேதான், கரைத்து, ஒரே தடவையில் கொட்டாமல் தவணை தவணையாக. அவசரப்பட்டால் தோல் மேலே மட்டும் குரோம் பிடித்துச் சொரசொரத்துப் போகும். சிறுநீரகம் போன பிறகு, மாத்திரைப் பட்டையை உடைத்து வேளைக்கு இரண்டாக அவர் கையில் வைக்கும்போது அதுவும் சோடாதான் என்று சொன்னேன். "தவணை வச்சுத்தான் போடணும்" என்றார்.

திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் பிரியாணி, பிறகு பூட்டு. ஆட்டின் கறி பிரியாணி அண்டாவுக்குப் போகிறது, தோல் ஷாப்புக்குப் போகிறது என்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆச்சரியம் அதற்குப் பிறகு. கறியின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. மெதியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்களில். உடம்பு அதை எரித்தால் கிடைப்பது கந்தக அமிலம். டிரம்முக்குள் தோலின் மேல் ஊற்றியதும் அதே அமிலம்தான். ஒரே ஆடு, இரண்டு வாசல், முடிவில் ஒரே அமிலம். (பிரியாணியின் மேல் பிழிந்த எலுமிச்சை அப்படி இல்லை. நாக்கில் புளித்தாலும் உள்ளே எரிந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகிவிடும். நாக்கின் சாட்சியத்தை அதற்கு மேல் நம்பக்கூடாது. காரத் தண்ணீர் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்துக் கருவி விற்கிறவர்களையும் நம்பத் தேவையில்லை; அந்தத் தண்ணீர் இரைப்பையின் அமிலத்தில் விழுந்த நிமிஷமே தன் குணத்தை இழக்கும்.) ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடம்பில் இருக்கிற நாற்பது லிட்டர் சொச்சம் தண்ணீர் தாங்கல் ஏதும் இல்லாத வெறும் தண்ணீராக இருந்து, ஒரு நாள் அமிலம் எழுபது மில்லிமோல் அதில் விழுந்தால் பிஎச் என்ன ஆகும்? 2.8. டிரம்மில் தோலை வைக்கிற இடம். ஒரே நாளில் நம்மை நாமே பதனிட்டுக்கொள்ளும் அளவுக்கு அமிலம் நம்மிடம் இருக்கிறது.

இந்த ஒப்புமை எனக்கே ரொம்ப ருசியாக இருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது. ஊரை உடம்பு என்பதும் உடம்பை ஊர் என்பதும் எழுதுகிறவர்களுக்குக் கை வந்த சோம்பேறித்தனம். ஆனாலும் ஒரு இடத்தில் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. டிரம்முக்குள் பிஎச்சைக் கால் புள்ளி பிசகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். பினாப்தலின் சொட்டு வைத்திருந்தார்கள். டிரம்மின் மூடியைத் திறந்து தண்ணீரைச் சாய்த்துவிட்ட பிறகு அதற்கு யாரும் சொட்டு விடவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் எங்கள் மாவட்டமும் இருக்கிறது, திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்ற அந்தக் காலப் பெயரோடு. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் என்று அதில் எழுதியிருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் பதின்மூன்று ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்றும் எழுதியிருக்கிறது. கெட்டது அமிலத்தால் இல்லை, பெரும்பாலும் உப்பால். தோல் அழுகாமல் இருக்கப் போட்ட உப்பு, டிரம்மில் போட்ட உப்பு, எல்லாம் மண்ணில் இறங்கி, குடகனாற்றுப் படுகையின் பாறை இடுக்குகளில் தேங்கியது. எங்கள் கிணற்றில் பருப்பு வேகாமல் போனது எந்த வருஷம் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. தென்னை ஓலை நுனி கருகியது ஞாபகம் இருக்கிறது. சம்பளமும் அந்த டிரம்மிலிருந்துதான் வந்தது, என் பள்ளிக்கூடக் கட்டணமும் அதிலிருந்துதான் போனது. ஆகவே இந்தப் பத்தியை நான் ரொம்ப நேரம் எழுத முடியாது.

சித்தப்பாவின் சிறுநீரகம் ஏன் போனது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வலி மாத்திரைகளும்தான். குழியையோ கிணற்றையோ சாட்சிக்கூண்டில் ஏற்ற எனக்கு ஆதாரம் இல்லை. கடைசி மாதங்களில் அவர் மூச்சில் அம்மோனியா வாடை வந்தது. சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஷாப்பை விட்டு வந்து இருவது வருசமாச்சு, வாசம் இப்பத்தான் வருது பாரு" என்று சொல்லி அழுதாள். இடுப்பு வலி என்றார். அமிலம் நாள்பட்டுத் தேங்கினால் எலும்பு தன் கார்பனேட்டைக் கொடுத்துத் தாங்கும். கூடவே சுண்ணாம்புச் சத்தும் கரைந்து போகும். கடைசிச் சேமிப்பு அதுதான். அறிக்கையில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. சமநிலை என்ற சொல்லைக் கேட்டால் தராசு ஞாபகத்துக்கு வருகிறது, தட்டுகள் இரண்டும் அசையாமல் நிற்கிற தராசு. அந்தப் படம் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே எதுவும் நிற்கவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் யாரோ சுமந்துகொண்டுபோய் எங்கேயோ கொட்டிவிட்டு வருகிறார்கள். கொட்ட இடம் இருக்கும்வரை 7.4.

டயாலிசிஸ் அறையில் முதல் நாள் எந்திரத்தின் காலடியில் இரண்டு வெள்ளை கேன்கள் இருந்தன. ஒன்று ஏ, ஒன்று பி. ஏ கேனில் கால்சியம் முதலான உப்புகளோடு கொஞ்சம் அமிலம், பி கேனில் பைகார்பனேட். எந்திரத்துக்குள் போகும்வரை இரண்டையும் சேர்க்கக் கூடாது. முன்கூட்டியே கலந்தால் சுண்ணாம்பாகப் படிந்துவிடும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். சித்தப்பா தலையைத் திருப்பிக் கேன்களைப் பார்த்தார், பிறகு குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிரம் ஆளின் பார்வை அது. கையிலிருந்து ரத்தம் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய், நல்ல தண்ணீர் வருகிற குழாய். நான்காவதாக ஒன்று சுவரை நோக்கிப் போனது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் இதற்குள் போய் வரும் என்றாள் அந்தப் பெண். சித்தப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏன்டா, இந்தத் தண்ணி எங்குட்டுப் போகுது?"

"வெளிய போகுது சித்தப்பா."

"வெளியன்னா?"

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாயிலிருந்து தெளிவான தண்ணீர், கை வைத்தால் உடம்புச் சூடு, ஒரே சீராகச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சாக்கடை மதில் ஓரமாகப் போய்ப் புதருக்குள் மறைந்தது. நான் உள்ளே வந்து, பார்த்ததைச் சொன்னேன்.